கோரைக்குக் கத்திரி வைத்த நாள்

பல்லைப் பிடுங்கிய மருத்துவர் கடைவாயில் பஞ்சைத் திணித்து, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். வலது கன்னம் மரத்துப்போய், உதடு யாருடையதோ மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாயோடுதான் சின்னவள் வீட்டை ஒட்டியிருந்த நர்சரிக்குள் நுழைந்தாள். நிழல்வலைப் பந்தலுக்குக் கீழே அவளுடைய அறுநூறு கோரைத் தூர்களும் மொட்டையாக உட்கார்ந்திருந்தன.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. வேறு பந்தலுக்குள் வந்துவிட்டோமோ என்று திரும்பிக்கூடப் பார்த்தாள். காலையில் அவள் கிளம்பும்போது ஒவ்வொரு தொட்டியிலும் முழங்கால் உயரத்துக்குக் கோரை, வெண்கல நிறத்தில், மேலே எழும்பி நாலாபுறமும் வழிந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வொன்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு தேய்ந்த துடைப்பம். தரையெங்கும் வெட்டுப்பட்ட இலை. அதை அண்ணி கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ட்ரிம்மரின் ஒயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்றான் அண்ணன். "காய்ஞ்ச நார் மாதிரி கெடந்துச்சு, பாக்கவே சகிக்கல. மேடம் வர்றதுக்குள்ள ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்."

தொடாதீர்கள் என்று அவள் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முகம் வீங்கி ராத்திரி முழுக்கத் தூங்காத வலியிலும், வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து சொன்னாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அவன் தலையாட்டல் எப்போதும் அப்படித்தான். கழுத்துக்கும் காதுக்கும் சம்பந்தம் இருக்காது.

தெருவில் அவனுக்குப் பட்டப்பெயர் கத்திரி. வேலிச்செடி வெட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நூல் கட்டாமல், கண்ணை மட்டும் நம்பி, நாற்பதடி வேலியை மேசை மாதிரி வெட்டிக் கொடுப்பான். வெட்ட வெட்டத்தான் செடி தழைக்கும் என்பது அவன் வாழ்நாள் முழுக்கக் கண்ட உண்மை. வேலிக்கு அது உண்மைதான். ரோஜாவுக்கு உண்மை. புல்தரைக்கு உண்மை. அதனால் உலகத்தில் இருக்கிற அத்தனை பச்சைக்கும் அதுதான் உண்மை என்று முடிவு செய்துவிட்டான். பச்சையே இல்லாமல் வெண்கல நிறத்தில் பிறந்து, வெண்கல நிறத்திலேயே உயிரோடு இருக்கிற ஒரு செடியைப் பார்த்தபோது அவனுக்குச் செத்துப்போனது என்றுதான் தோன்றியது.

கோரை புல் அல்ல. தண்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் உருளாது, மூன்று பட்டை கையில் தட்டும். புல்லை வெட்டினால் ஒரு வாரத்தில் எகிறிக்கொண்டு வரும். வருஷம் முழுக்க இலை உதிராமல் நிற்கிற இந்தக் கோரை அப்படி வராது. அடியோடு வெட்டினால் குருத்துக்குள் தண்ணீர் தேங்கும், நடுப்பகுதி கறுக்கும், பிறகு பிடித்து இழுத்தால் அழுகின நூல் மாதிரிக் கையோடு வரும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நுனியில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் புதுக்குருத்து கிளம்புகிற பருவத்தில். வெயில் ஏறுகிற இந்த மாதத்தில் நகம்கூடப் படக்கூடாது. செத்த இலையை எடுக்க ஒரே வழி சீவுவதுதான். ரப்பர் பூசின கையுறையைப் போட்டுக்கொண்டு, விரலை விரித்து, அடியிலிருந்து நுனிக்குக் கோதினால் காய்ந்தது மட்டும் விரலோடு வந்துவிடும், உயிருள்ளது வழுக்கிக்கொண்டு நின்றுவிடும். கையுறை இல்லாவிட்டால் இலையின் ஓரம் விரலைக் கிழிக்கும். சின்னவளின் விரல்களில் அப்படிக் கிழிந்த கோடுகள் நிறைய இருந்தன. ஆரம்பத்தில் அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பதினான்கு தூரில் ஆரம்பித்தது. யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன செடி. நாலு வருஷமாகப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் ஐந்தாறு குருத்தும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நட்டு, அறுநூறாக ஆக்கியிருந்தாள். வெளிறின குருத்து எட்டிப் பார்த்தால் பிடுங்குவாள், இல்லாவிட்டால் நிறம் மாறிப்போகும். களை பிடுங்குகிற இடத்தில் இவள் களையை வளர்க்கிறாள் என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம் என்று வீட்டில் பேர். அதனால் அவள் பதில் சொல்ல மாட்டாள், தொட்டியைத் திருப்பி வைப்பாள்.

அந்த நாலு வருஷமும் வீண் போகவில்லை என்று சொல்ல ஒரே ஒருத்தர்தான் வந்தார். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரிக்குத் தோட்டம் அமைக்கிற டிசைனர் மேடம். நாலு பக்கமும் சுவர் உயர்ந்து, வெயிலே விழாத ஒரு நடுமுற்றம் அங்கே இருந்தது. அதில் எந்தச் செடியும் நிற்கவில்லை. போன மாதம் வந்தவர் சின்னவளின் பந்தலுக்குள் ஒரு மணி நேரம் நின்றார். அறுநூறும் வேண்டும் என்றார். அதற்கு மேல் ஒன்று சொன்னார். செடியைக் கொடுத்தால் மட்டும் போதாது, வளர்த்தவரே வந்து அந்த முற்றத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நிரந்தர வேலை, ஆஸ்பத்திரி ஆளாகவே எடுத்துக்கொள்வார்கள், கடைசியாகச் செடியை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அந்தக் கடைசிப் பார்வை இன்றைக்குப் பதினோரு மணிக்கு. இப்போது மணி பத்தேமுக்கால்.

சின்னவள் ஒரு தொட்டியின் முன்னால் குந்தி, வெட்டுப்பட்ட முனையைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. ட்ரிம்மர் பல் பிய்த்திருந்தது, அறுக்கக்கூட இல்லை. எழுந்து அண்ணனிடம் போனாள். கை இரண்டையும் விரித்துத் தொட்டிகளைக் காட்டினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். ஒரு பக்கம் மட்டும் கோபப்படுகிற முகத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. கன்னம் இறங்கட்டும், அப்புறம் திட்டிக்கொள் என்றான். பத்து நாளில் பச்சையாக வரவில்லை என்றால் தன்னைக் கேள் என்றான். பச்சையாக வந்தால் அதுவே தப்பு என்பதைச் சொல்ல அவளிடம் வாய் இல்லை. அண்ணி மட்டும் துடைப்பத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தப்பாகிவிட்டது என்று அவளுக்குத்தான் முதலில் உறைத்தது.

டிசைனர் மேடம் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். பந்தலுக்குள் நாலடி வைத்தவர் ஐந்தாவது அடியைத் தூக்கியபடியே நின்றார். ஒரு தொட்டியை எடுத்துக் குருத்தை விரித்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். அவருக்குக் கோரை தெரியும்.

"யாரு வெட்டினது?"

ஒரு நொடியில் அண்ணன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனதைச் சின்னவள் பார்த்தாள். தப்பு செய்துவிட்டோம் என்பது வந்தது. இத்தனை வருஷப் பெயர் என்பது வந்தது. அதற்குப் பிறகு அவன் கண் மெல்ல நகர்ந்து அவளிடம் வந்து நின்றது.

"தங்கச்சிதாங்க மேடம்" என்றான். "நான் வெளில போயிருந்தேன். நீங்க வர்றீங்களேன்னு ஆர்வக்கோளாறுல பண்ணிட்டா."

சின்னவள் இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"பாருங்க, இனிமே செய்யமாட்டேன்னு தலைய ஆட்டறா" என்றான் அவன்.

வாயிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். நான் இல்லை, இவர்தான், நான் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன் என்று சொன்னாள். சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். வெளியே வந்தது எச்சிலும் ரத்தமும் குழைந்த ஏதோ ஒரு சத்தம். அவளுடைய நாக்கு செருப்புத்தோல் மாதிரி வாய்க்குள் கிடந்தது. மேடம் தன்னையறியாமல் ஓரடி பின்னால் வைத்தார். என்ன சொல்கிறார்கள் என்று அண்ணனைக் கேட்டார்.

"மன்னிச்சுக்கச் சொல்றா மேடம். பல்லப் பிடுங்கிட்டு வந்திருக்கா, பேச வரல."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. இவங்களுக்குக் கோரை தெரியும்னு நெனச்சேன், என்று மட்டும் அண்ணனைப் பார்த்துச் சொன்னார், ஏதோ சின்னவள் அங்கே இல்லாத மாதிரி. பிறகு போய்விட்டார்.

மதியம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சின்னவள் சாப்பிட முடியாது, பால் மட்டும் இடது பக்கமாகக் குடித்தாள். இரண்டு மணிவாக்கில் உதட்டின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு கன்னம் திரும்பி வந்தது, கன்னத்தோடு வலி வந்தது, வலியோடு வாயும் வந்தது. அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். அம்மா பழைய சேலை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருந்தான். மேடத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்றாள்.

அவன் எழுந்து உட்கார்ந்து பொறுமையாகத்தான் விளக்கினான். அந்தப் பொறுமைதான் அவளுக்குத் தாங்கவில்லை. நர்சரியின் பேர் அவன் கையில் நிற்கிறது. கத்திரிக்கு வெட்டத் தெரியவில்லை என்று ஒருத்தர் வாயில் விழுந்தால் நாளைக்கு நாலு பேர் வாயில் விழும். அவளுக்கு என்ன, அவளை யாருக்குத் தெரியும், தெரியாத பேர் கெட்டால் யாருக்கு நஷ்டம் என்றான். அம்மா, போகட்டும், அவன் வேணும்னேவா செஞ்சான், என்றாள். அம்மாவின் அகராதியில் மகன் வேண்டுமென்று செய்தது எதுவும் கிடையாது. தானாக நடந்ததுதான் எல்லாம்.

"வெட்டினத மன்னிச்சிருவேன்" என்றாள் சின்னவள். "தெரியாம பண்ணினது. ஆனா நான் வாயத் தொறந்து இல்லன்னு சொன்னேன். பக்கத்துல நின்னுக்கிட்டு, அத மன்னிப்புன்னு மாத்திச் சொன்ன பாரு. அதுக்கு உனக்கு எப்படி நாக்கு வந்துச்சு?"

அண்ணனை அவள் நீ என்று சொன்னதே இல்லை. அம்மா சேலையை மடிப்பதை நிறுத்தினாள். அவன், கோரைப்புல்லுக்காக ஒருத்தி இப்படிக் குதிப்பாளா என்று சுவரிடம் கேட்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். காலையில் போட்ட உடுப்பை மாற்றக்கூட இல்லை. நர்சரிக்குப் போய், ரப்பர் கையுறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த நேரம் முழுக்க மனதுக்குள் அண்ணனைத் திட்டினாள். அதில் கொஞ்சம் தன்னையும் திட்டினாள். இத்தனை வருஷமும் சந்தையில், வீட்டில், விருந்தாளிக்கு முன்னால் இவள் பேசமாட்டாள், நான் சொல்கிறேன் என்று அவன் சொல்லும்போதெல்லாம் அப்பாடா என்றுதானே இருந்தாள். பேசுகிற வேலை மிச்சம் என்று நினைத்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை. வாசலில் இருந்த காவலாளி என்ன வேலை, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கோரைக்கு வந்திருக்கிறேன் என்றாள். அவர் பாதி புரிந்தும் புரியாமலும் உள்ளே கையைக் காட்டினார்.

நடுமுற்றத்தில் மேடம் வரைபடத்தை ஒரு சிமெண்ட் மூட்டையின்மேல் விரித்து, இரண்டு பேரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். சின்னவளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நான் வெட்டல. அண்ணன்தான் வெட்டினாரு. தொடாதீங்கன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுதான் போனேன். நான் மன்னிப்பும் கேக்கல."

வாய் இன்னும் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்புகிற முகம் அல்ல அது, நம்பாத முகமும் அல்ல. அண்ணன் தங்கை சண்டையை இங்கே கொண்டுவரக் கூடாது என்றார். யார் வெட்டினாலும் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், தன்னிடம் இப்போது செடி இல்லை, ஒரு மாதத்தில் திறப்பு என்றார். வேறு இடத்திலிருந்து வரவழைக்கப் பேசிவிட்டதாகவும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் சின்னவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அப்போதுதான் சுவரோரம் இருந்ததைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் மாதிரிக்காக வேறு எங்கிருந்தோ வாங்கி நட்ட இருபது தூர் கோரை. பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ரகம். அதில் பாதிக்கு மேல் காய்ந்து, இலை இலையோடு பின்னி, அழுக்குச் சடை மாதிரிக் கிடந்தது. சுற்றிலும் மண் குழம்பிக் கிடந்தது. யாரோ ரப்பர் குழாயைக் குருத்தின் மேலேயே திறந்துவிட்டிருந்தார்கள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் கேட்காமல் போய் மண்டியிட்டு, கையுறையை மாட்டினாள்.

"யாரு இத இவ்ளோ ஆழத்துல பொதச்சது" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. "கழுத்து வரைக்கும் மண்ணத் தள்ளி வெச்சிருக்கீங்க. இதுக்கு மூச்சு இங்கதான் இருக்கு."

மேடத்துடன் நின்றிருந்த இரண்டு பேரில் ஒருவர், நாங்கதான் நட்டோம், தண்ணி நிறைய வேணும்னு சொன்னாங்களே, என்றார். ஈரம் வேண்டும், குளம் வேண்டாம் என்றாள் அவள். வேருக்கு வேண்டும், தலைக்கு வேண்டாம் என்றாள். கழுத்தில் ஏறியிருந்த மண்ணை விரலால் வழித்துத் தள்ளினாள். பிறகு விரலை விரித்து அடியிலிருந்து கோத ஆரம்பித்தாள். காய்ந்தது கொத்துக் கொத்தாக வந்தது. நடுவில் கறுத்துப்போன மூன்று தூரை ஒற்றைக் கையால் இழுத்தாள், எதிர்ப்பே இல்லாமல் வந்தன. அவற்றைப் பின்னால் வீசினாள். கோடு இல்லாமல் முழுப் பச்சையாகக் கிளம்பியிருந்த குருத்துகளைத் தேடிப் பிடித்து அடியோடு பிடுங்கினாள், விட்டால் இதுவே எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே. யாராவது குறுக்கே பேசியிருந்தால் கடித்திருப்பாள். கடைவாய் விண்விண் என்று தெறித்தது. பத்துத் தூர் முடிந்தபோது பத்தும் நிமிர்ந்து, வெள்ளைக் கோடு தெரிய விரிந்து நின்றன.

மேடம் வரைபடத்தைச் சுருட்டிவிட்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினார். அவள் கையையே பார்த்தார்.

"இப்படிச் சீவுறவங்க ட்ரிம்மர எடுக்கமாட்டாங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "அறுநூறுக்கு நான் வேற வழி பாத்துக்கறேன். திங்கக்கெழம வாங்க. இந்த முற்றத்த நீங்க பாருங்க" என்றார்.

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு உள்ளே இடம் இல்லை. சரிங்க என்றாள். பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டு, அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு மீதி ஏழையும் சீவிவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டுக்கு வரும்போது விளக்குப் போடுகிற நேரம். மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். நடந்ததை நடந்த மாதிரியே சொன்னாள். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. குடும்ப மானத்தைக் கொண்டுபோய்த் தெருவில் வைத்துவிட்டாய் என்றான். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்போது அதுவரை ஒரு வார்த்தை பேசாத அண்ணி அடுப்பங்கரை வாசலில் நின்றபடி, "பின்ன அவ மானம் மட்டும் என்ன தள்ளுபடியா?" என்றாள். அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அவன், அந்த அறுநூறையும் என்ன செய்வது என்று கேட்டான். கேட்டதில் பாதி வீம்பு, பாதி பயம். அதைத் தூக்கிப் போட்டுவிடு என்று சொல்ல அவள் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் செடி என்ன தப்பு செய்தது.

"காலைல மட்டும் தண்ணி. தொட்டி ஓரமா, கொஞ்சமா ஊத்தணும். வெயில் படக்கூடாது. ஒரு மாசம் கழிச்சு ஒவ்வொண்ணாப் பிடிச்சு மெதுவா இழுத்துப் பாரு. கையோட வந்தா செத்தது. வராம பிடிச்சிக்கிட்டு நின்னா விடு, உரம்கூடப் போடாத. எத்தன பொழைக்கும்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கப் போறதில்ல. நீதான் வெட்டின, நீதான் பாக்கணும்."

அவன் எழுந்து வெளியே போனான். அவள் முகம் கழுவப் போனாள். ஈறு தெறித்தது, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைக் கவனமாக வாயில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தபோது சன்னல் வழியாக அந்தச் சத்தம் கேட்டது. ரப்பர் குழாய் முழு வேகத்தில் திறந்து, தண்ணீர் எங்கோ உயரத்திலிருந்து தொட்டிகளுக்கு நடுவே சடசடவென்று கொட்டுகிற சத்தம். சொல்லி முடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தண்ணீரைத் துப்பிவிட்டு, சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"குருத்துமேல ஊத்தாதடா!"

எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். யார் கத்தியது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பந்தலில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் நகரவில்லை. தண்ணீர் மறுபடி, இந்தத் தடவை மெல்லிசாக, தொட்டி ஓரமாக விழுகிற வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். பிறகுதான் காலையில் மட்டும் என்று சொன்னது நினைவுக்கு வந்து, மறுபடியும் கத்த மூச்சை இழுத்தாள்.